சாக்கடைக்கு அடியில் ஒரு கட்டு

தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கு வால்வு அண்ணன் என்றுதான் பெயர். கோபம் வந்தால் அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். காலையில் அவர் இரும்புச் சாவியைப் போட்டுத் திருகினால்தான் நூற்றுப்பத்து வீடுகளில் குடம் நிறையும்.

அந்த வாரம் தையல்காரரின் மனைவிக்கு வயிற்றுப்போக்கு பிடித்து, ஒரே பகலில் கண் குழிந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் எதிர்வீட்டில் இரண்டு பேர். பரிசோதனைக்கூடத்துப் பெண் வந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துப் போனாள். மூன்றாம் நாள் நேராக அவரிடமே வந்து நின்றாள்.

"காலரா கிருமி இருக்குண்ணே. உடனே மூடுங்க. லாரியில தண்ணி வரும்."

மூடினார். தெருவே அவர்மேல் பாய்ந்தது.

"தண்ணி இல்லாம சாகச் சொல்றீங்களா?" ஒருத்தி குடத்தை அவர் காலடியில் நங்கென்று வைத்தாள்.

"குடிச்சாத்தாம்மா ஆபத்து" என்றார். எட்டு மாதத்துக்கு முன், இஸ்திரிக் கடை எதிரே சாக்கடைக்கு அடியில் குழாய் கசிந்தபோது, பழைய டயர் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டியவர் அவர்தான். இரண்டு நாளில் மாற்றிவிடலாம் என்றிருந்தார். கசிவு நின்றது, மறந்தும் போயிற்று.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். தெருவைத் தோண்டிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். அதுவரை பிள்ளைத்தாய்ச்சிகள்கூட லாரிக்குக் குடம் தூக்கி நிற்பார்கள்.

நகராட்சி இன்ஜினியரிடம் போனார். "தோண்ட வேண்டிய இடம் எனக்குத் தெரியும் சார். நான் கட்டின கட்டுதான்."

இன்ஜினியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

முழங்கால் ஆழத்திலேயே அகப்பட்டது. டியூப் நைந்து தொங்கியது. குழாயில் தண்ணீர் ஓடாத நேரமெல்லாம் சாக்கடை உள்ளே இறங்கியிருக்கிறது. மாலைக்குள் புதுக்குழாய் பொருத்தி, குளோரின் விட்டுக் கழுவினார்கள். அவரை ஒரு மாதம் சஸ்பெண்டு செய்தார்கள்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். வராந்தா பெஞ்சில் இருந்த தையல்காரரிடம் எதையும் ஒளிக்காமல் சொன்னார். தையல்காரர் வார்டுக் கதவைக் காட்டினார்.

"உள்ள போய் அவகிட்டயும் சொல்லுங்க."

அவள் கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்பாடா! இந்த மனுஷன் மூணு நாளா என் சமையலைத்தான் குத்தம் சொல்லிட்டிருந்தார்" என்றாள்.

வால்வு அண்ணன் சிரிக்கத்தான் பார்த்தார். அழுகை முந்திக்கொண்டது.

"அழறதை அப்புறம் பாத்துக்கலாம். அந்த உப்புச்சர்க்கரைத் தண்ணியை எடுங்கண்ணே, நாக்கு வறளுது."

டம்ளரை அவள் உதட்டருகே பிடித்தார். அவள் மெல்லக் குடித்தாள்.