மடங்காத முழங்கால்

ஆலயத்தில் முழங்கால் போட்டு ஜெபிப்பதற்கான பலகைகளைச் செய்தவர் இழைப்புளி. தச்சுப் பட்டறையில் எப்போது போய்ப் பார்த்தாலும் கையில் மரம் சீவும் இழைப்புளியோடு நிற்பார் என்பதால் சபையார் வைத்த பெயர். ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் ஒரு பலகை, அதற்குப் பின்னால் இருப்பவர்களுக்காக. மெத்தை கிடையாது. கெட்டி மரம், முன்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கும். அசதியில் யாராவது குதிகால் மேல் உட்காரப் பார்த்தால் முழங்கால் முன்னால் வழுக்கும். அந்தச் சாய்வு அவரே யோசித்து வைத்தது. உயரத்தைத் தன் காலை வைத்து அளந்திருந்தார்.

கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைக்கலாமே என்று போதகர் கேட்டபோது, "சிலுவையில மெத்தை இருந்துச்சா ஐயா?" என்றார்.

இழைப்புளி முன்வரிசையில் முழங்கால் போட்டால் 'ஆமென்' வரை அசையமாட்டார். வலிக்கும். வலிக்க வலிக்கத்தான் ஜெபம் மேலே ஏறுகிறது என்பது அவர் எண்ணம். கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே ஜெபிக்கும் ஓர் அம்மாள் உண்டு. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, நின்று நின்றே முழங்கால் தேய்ந்து, ஓய்வு பெற்றவர். ஒரு நாள் ஆராதனை முடிந்து எல்லோரும் நின்றுகொண்டிருக்கையில், "ஆண்டவருக்காக அஞ்சு நிமிஷம் மண்டி போட முடியலையாம்மா?" என்று அவரிடம் கேட்டுவிட்டார் இழைப்புளி. கண்டக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகொரு நாள் பட்டறைப் பரணிலிருந்து மரம் இறக்கும்போது ஏணி சறுக்கியது. முழங்கால் சில்லு நொறுங்கிப்போயிற்று. அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள். நடக்கலாம், வேலை பார்க்கலாம், ஆனால் கால் பாதிக்கு மேல் மடங்காது என்றார் டாக்டர். மண்டி போட முடியுமா என்று இழைப்புளி கேட்டார். "அத மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு காலை, மனைவி அடுப்படியில் இருந்த நேரம் பார்த்துக் கட்டில் விளிம்பைப் பிடித்து மண்டி போட இறங்கிப் பார்த்தார். பாதியில் கால் நின்றது, உடம்பு நிற்கவில்லை. தரையில் கிடந்தவரை மனைவிதான் வந்து தூக்கினாள். உடைந்த காலை விட வேறொன்று அவரை அரித்தது. உட்கார்ந்துகொண்டு சொன்னால் அது ஜெபமா? அப்படிச் சொல்கிறவர்களைப் பற்றி இவ்வளவு நாள் தான் நினைத்ததை ஆண்டவரும் தன்னைப் பற்றி நினைப்பார் அல்லவா? ஜெபத்தையே விட்டார். ஆலயத்துக்குப் போகாமலிருக்க ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு. வீக்கம் என்பார், மழை என்பார்.

மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, "அந்த டாக்டர் உங்க வீம்புக்கும் சேத்து ஒரு கம்பி வெச்சிருக்கணும்" என்று சொல்லிச் சட்டையை எடுத்து நீட்டினாள்.

ஆலயத்தில் நீட்டிய காலோடு உட்காரக் கடைசி வரிசை ஓரம்தான் தோதாக இருந்தது. பக்கத்தில் கண்டக்டரம்மா. குத்தலாக ஏதாவது சொல்வார் என்று இழைப்புளி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாங்கண்ணே. காலப் பாத்து வைங்க, ஏறுறவங்க இறங்குறவங்க இடறிடப் போறாங்க" என்று மட்டும் சொல்லி, தன் கைப்பையை அவர் குதிகாலுக்கு அடியில் தள்ளி வைத்தார்.

ஜெபத்துக்கு எல்லோரும் முழங்கால் போட்டார்கள். ஜெபம் வராததால் இழைப்புளி கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். முன்வரிசையில் இருந்த காலத்தில் அவர் பார்த்திராத ஒன்று இப்போது முழுசாகத் தெரிந்தது: முதுகுகள். தலைமையாசிரியை உடம்பு பாரம் மொத்தத்தையும் முழங்கையில் ஏற்றி நடுங்கிக்கொண்டிருந்தார். பெயின்டர் கைக்குட்டையை மடித்து மடித்து முழங்காலுக்கு அடியில் செருகினார். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி சாய்வில் வழுக்காமலிருக்க முன்பெஞ்சை இறுகப் பிடித்திருந்தாள். குட்டையான தையற்காரருக்குப் பலகை உயரம் அதிகம். கால்விரல் நுனியில் தொங்கினார். இவர் செய்த பலகை ஒவ்வொன்றின் மேலும் ஒருவர் ஜெபத்தை விட்டுவிட்டு வலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு முகம் சூடேறியது.

மறுநாளே கைத்தடியோடு போதகரிடம் போய், பலகைகளைக் கழற்ற வேண்டும் என்றார். போதகர் சற்றுத் தயங்கி, அங்கியைத் தூக்கிக் காட்டினார். கால்சட்டையின் முழங்கால் இரண்டிலும் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. "உங்களுக்குப் பயந்துதான்" என்றார். நெடுநாளைக்குப் பிறகு இழைப்புளி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இந்த முறை தன் காலை அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. ஆராதனை முடிந்ததும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் பலகையில் முழங்கால் போடச் சொல்லி, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் கேட்காத கேள்வி. முழங்காலைச் சொல்ல ஆரம்பித்தவர்கள் அதோடு நிறுத்தவில்லை. தலைமையாசிரியை இடுப்பில் தொடங்கி, பேசாமல் பிரிந்துபோன தம்பியில் முடித்தார். பெயின்டர் மகனுக்கு வராத தூக்கத்தைச் சொன்னார். அளவு நாடாவைக் கையில் சுருட்டிக்கொண்டு இழைப்புளி கேட்டுக்கொண்டிருந்தார்.

சாய்வை இழைத்துச் சமமாக்கினார். மெத்தை வைத்தார். கடைசி வரிசைக்கு மட்டும் முன்பெஞ்சின் முதுகிலிருந்து மடக்கி இறக்கும் சிறு பலகை ஒன்று. உட்கார்ந்திருப்பவர் முழங்கை ஊன்றி நெற்றியைச் சாய்க்கலாம்.

பட்டறையில் அதற்கு மெருகு போட்டுக்கொண்டிருக்கையில் மனைவியிடம் சொன்னார்: "முன்னாடி நானா தேடிக்கிட்ட வலி. அதுல எனக்கு ஒரு பெருமை இருந்துச்சு. இது கேக்காம வந்தது. பெருமைப்பட ஒண்ணுமே இல்ல. அதனாலதானோ என்னமோ, இப்பதான் ஜெபம் வருது."

"அப்ப ஏணிக்கு ஸ்தோத்திரம் சொல்லணும்" என்றாள். பிறகு, "வலி இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

புதுப் பலகைகள் பொருத்திய ஞாயிற்றுக்கிழமை, கடைசி வரிசைப் பலகையை இறக்கிவிட்டு கண்டக்டரம்மாவின் பக்கம் திரும்பினார். எல்லோரிடமும் கேட்டதை அவரிடம் மட்டும் கேட்டிருக்கவில்லை.

"உங்களுக்கு எங்கம்மா வலிக்குது?"

கண்டக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ஒரு நாள் எல்லார் முன்னாடியும் கேட்டீங்களே, அப்ப கொஞ்சம் வலிச்சுது."

"தப்புதாம்மா. மன்னிச்சிடுங்க."

"அது எப்பவோ ஆறிடுச்சுண்ணே. கண்ண மூடுங்க, ஐயா ஆரம்பிச்சிட்டாரு."

இழைப்புளி நெற்றியைப் பலகையில் சாய்த்தார். தலைமையாசிரியையின் தம்பியிலிருந்து தொடங்கினார். பெயின்டரின் மகன், கர்ப்பிணி, தையற்காரர் என்று ஒவ்வொருவராக ஜெபத்தில் வந்தார்கள். போதகர் 'ஆமென்' சொன்ன பிறகும் அவர் முடிக்கவில்லை. கால் நடைபாதையில் நீண்டிருந்தது, குதிகாலுக்கு அடியில் கைப்பை. வெளியே போகிறவர்கள் பார்த்து, தாண்டிப் போனார்கள்.