இருபத்து மூன்றாம் பக்கம்

துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஏன்'. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அதைத்தான் முதலில் கேட்பார். ஏன் கறுப்பு? ஏன் சதுரம்? கழிவறைக்குப் போக அனுமதி கேட்டவனிடமும் ஒருமுறை கேட்டதாகப் பேச்சு உண்டு.

சின்னவள் ஓவியப் பட்டப்படிப்பில் நான்காம் ஆண்டு. கடைசித் தேர்வுக்கு அவள் அவர் முன்னால் வைத்தது ஒரே ஒரு கரிக்கோட்டுப் படம். அவளுடைய அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒரு நாள் கடை மூடும் நேரத்தில் கூட்டிப்போகச் சென்றபோது, மடித்து வைத்த விரிப்புகளில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்திப் போட்டபடி அம்மா கண்ணயர்ந்திருந்தாள். சின்னவள் நின்ற வாக்கிலேயே வரைந்தாள். கால் மணி நேரம். பன்னிரண்டு வருஷம் கிறுக்கித் தேய்ந்த கை, ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

அதை அம்மாவுக்கு அவள் இன்னும் காட்டவில்லை. ஆண்டு இறுதிக் கண்காட்சியில், சுவரில் மாட்டியிருக்கும்போதுதான் அம்மா அதைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அம்மாவும் அரைநாள் விடுப்பு சொல்லிவைத்துவிட்டாள்.

"ஏன் கரி? எத்தனை நாள் ஆச்சு இதுக்கு?" என்றார் 'ஏன்'.

"கால் மணி நேரம் சார்."

சுட்டுவிட்டது போல அவர் படத்தைக் கீழே வைத்தார். "போராட்டம் எங்கே?"

"போராட்டம் எல்லாம் இல்ல சார். வந்துடுச்சு."

"தானா வந்தா அது விபத்தும்மா. தேடல் ஏடு திங்கட்கிழமை வரணும். இல்லேன்னா படம் தேர்வுக்கே வராது."

படத்துக்குப் பத்து மதிப்பெண், விளக்கத்துக்கு முப்பது. மிச்சம் அறுபதும் தேடல் ஏட்டுக்கு. படம் பிறப்பதற்கு முன் பட்ட தடுமாற்றங்களையெல்லாம் தேதி போட்டு ஒட்டிய அறுபது பக்க நோட்டு அது. சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, அடிபிடித்த பாத்திரத்தைச் சுரண்டிப் பார்த்து மார்க் போடுகிற ஏற்பாடு. கல்லூரியில் பாதிப் பேர் படத்தை முடித்த பிறகுதான் தேடவே தொடங்குவார்கள். இது ஊரறிந்த ரகசியம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வேலைக்குப் போனதும் அக்கா சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அக்காவுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் பொய் ரசீது பிடிக்கிற வேலை. பிடிக்கத் தெரிந்தவளுக்குச் செய்யவா தெரியாது?

"ஒரே பேனாவால எல்லாத் தேதியும் போடாதடி. அங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க. நடுவுல ஒரு வாரம் விடு, காய்ச்சல்னு எழுது. விடாம உழைச்சேன்னு சொன்னா எவனும் நம்பமாட்டான்."

நாலு பக்கத்தில் தேநீர் சிந்தினார்கள். ஒன்பதாம் பக்கத்தைக் கசக்கி, நீவி, ஒட்டினார்கள். 'அம்மா என்பவள் உடலா, வெளியா?' என்று சின்னவள் ஒரு பக்கம் முழுக்க எழுதினாள்.

"அம்மாகிட்ட கேட்டுடாத. செருப்பாலேயே பதில் சொல்லுவாங்க," என்றாள் அக்கா.

இடித்தது ஒரே இடத்தில்தான். தப்பாக வரைய சின்னவளுக்கு வரவில்லை. தலைகீழாக நின்று பார்த்தாள். இடது கையால் போட்டாள், கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். பாழாய்ப்போன படம் ஒவ்வொரு முறையும் அம்மா மாதிரியே வந்து தொலைத்தது. பொறுத்துப் பார்த்த அக்கா கரித்துண்டைப் பிடுங்கி இருபத்து மூன்றாம் பக்கத்தில் தானே இறங்கினாள். தலை உருளைக்கிழங்கு. கழுத்தைக் காணோம். ஒரு கையில் ஆறு விரல். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தேர்வு நாளில் மதிப்பெண் போட வெளியிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படத்தை அரை நிமிஷம் பார்த்தார்.

"கை தேர்ந்திருக்கு. ஆனா முடிஞ்சுபோன படம். பார்க்கிறவங்களுக்கு இதுல வேலையே இல்ல."

பிறகு ஏட்டைப் புரட்டினார். இருபத்து மூன்றில் நின்றார். கண்ணாடி கீழே இறங்கியது.

"இந்த ஆறாவது விரல்... உழைச்சு உழைச்சுக் கைக்குள்ள அடங்காம வெளிய வருது. எவ்வளவு பயந்துகிட்டுப் போட்டிருக்கா பாருங்க!"

வாழ்க்கையில் முதல்முறையாக 'ஏன்' ஏன் என்று கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பக்கத்தை எட்டடி உயரத்துக்குப் பெரிதாக்கி நுழைவுச் சுவரில் மாட்டுவது, படத்தைச் சாமான் அறையில் வைப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு 'நேர்மையாகத் தோற்பது எப்படி' என்று அவள் வகுப்பெடுக்கவும் வேண்டுமாம்.

அது எங்க அக்கா போட்டது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பட்டம் போய்விடும். நாலு வருஷமாக அம்மா நின்ற கால்கள் நினைவுக்கு வந்தன. விழுங்கிவிட்டாள். முதல் வகுப்பில் தேறினாள்.

கண்காட்சிக்கு அம்மா விசேஷத்துக்கென்று வைத்திருந்த உடுப்பில் வந்தாள். அதையும் அவளே இஸ்திரி போட்டிருந்தாள். நுழைந்ததுமே எட்டடி. கீழே கொட்டை எழுத்தில் 'அம்மா'. கூட வந்த அக்காவுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

'ஏன்' வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். "பாருங்கம்மா, உங்களைப் புரிஞ்சுக்க உங்க பொண்ணு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கா!"

"நல்லா இருக்குங்க," என்றாள் அம்மா. பெரிய மனிதர்களிடம் பேசும் குரலில் சொன்னாள். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தன் கையை விரித்துப் பார்த்துவிட்டு, உடனே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சின்னவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போனாள். ஏணிக்கும் சாய வாளிகளுக்கும் நடுவே சுவர் பார்த்துச் சாய்ந்திருந்த படத்தைத் திருப்பி வைத்தாள்.

அம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். படத்தில் இருந்த விரல்களைத் தொடாமல் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"இது நான்தான்," என்றாள். "அப்புறம் ஏண்டி இதை இங்க போட்டு வச்சிருக்காங்க?"

"சரியா வந்துடுச்சும்மா. அதான்."