அண்ணனுடைய இடது கை

“நீ காலால பொறந்தவளா?”

ராக்காயி அத்தை ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஈப்போவில், புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சமையலறையிலிருந்து, “ஆமாக்கா, காலுதான் மொதல்ல வந்துச்சு. என்னையக் கொல்லப் பாத்தா” என்று சொல்லிவிட்டார். அத்தை என்னை இழுத்துக்கொண்டு போய், கூடத்தில் குப்புறப் படுத்திருந்த மாமாவின் முதுகில் என் காலை எடுத்து வைத்தார். காலால் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. மாமாவின் முதுகு சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. மறுநாள் அவர் லாரி ஓட்டக் கிளம்பிவிட்டார். அதிலிருந்து கழுத்து பிடித்தவர்கள், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள், துணிமூட்டை தூக்கி இடுப்பு பிடித்தவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களோடு நான் பேச வேண்டியதில்லை. காலை மட்டும் கொடுத்தால் போதும்.

பேச்சுதான் எனக்கு வராது. இடைநிலைப்பள்ளியில் வகுப்பின் முன்னால் நின்று மலாய் மொழியில் பேசிக் காட்டச் சொல்வார்கள். படிவம் நான்கில், பதினாறு வயதில், ஒருநாள் அப்படி நின்றேன். எழுதி மனப்பாடம் செய்திருந்த எதுவும் வெளியே வரவில்லை. முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதையும் நிறுத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஆசிரியை தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அம்மா கொஞ்ச நாள் திட்டினார். அப்பா இல்லாத வீடு, திட்டுவதற்கு வேறு ஆள் கிடையாது. பிறகு, “அப்படின்னா சோறாக்கி வெய்யி” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கையுறைகளை அடுக்கி எண்ணி, பெட்டிக்குள் அமுக்கி மூட வேண்டும். சின்ன வயதில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் மரத்தில் பால் எடுக்கப் போனவர். “மரத்த விட்டு வந்தும் ரப்பர் என்னைய விடல” என்று சொல்லிச் சிரிப்பார். அவருடைய இரண்டு கட்டைவிரல்களும் அடியில் வீங்கி வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். சாயங்காலம் தைலத்தைத் தேய்த்துவிட்டு, அதே கையால் எனக்கு ஒரு அடியும் கொடுப்பார். நான் இடது கைக்காரி. பாத்திரம் தேய்க்கும்போது விட்டுவிடுவார். கோயிலில் திருநீறுக்கு அந்தக் கை நீண்டால்தான் அடி விழும். “பீச்சாங்கைய நீட்டாத. போற வீட்டுல என்னையத்தான் சொல்லுவாங்க.”

இந்தக் கையைக் குறை சொல்லாத ஒரே பொருள் என் அண்ணன் ரூபன் வாங்கி வந்த விளையாட்டுப் பெட்டிதான். அண்ணன் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அங்கே அறை எடுத்துத் தங்கிக்கொண்டு வாரக் கடைசியில் வருவான். பெட்டியைத் தொலைக்காட்சியில் மாட்டி, ரிமோட் போன்ற ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீசினால், திரையில் இருக்கும் பொம்மை ஆள் டென்னிஸ் மட்டையை வீசுவான். இணையத்தில் எங்கோ இருக்கும் ஆளோடு ஆடலாம். முதல் தடவை போடும்போதே வலது கையா இடது கையா என்று அது கேட்டது. இடது என்று அழுத்தினேன். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணன் ஆடினால் தோற்பான். அவன் நண்பர்கள் ஒரு லீக் வைத்திருந்தார்கள். அதில் அவன்தான் கடைசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபத்தில் ரிமோட்டை நாற்காலியில் எறிந்துவிட்டுக் குளிக்கப் போனான். பாதியில் நின்ற ஆட்டத்தை நான் எடுத்து ஆடினேன். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது நான் ஜெயித்திருந்தேன். அவன் கைப்பேசியில் நண்பர்களின் செய்திகள் டிங் டிங் என்று வந்து விழுந்தன. ‘அலாமாக், ரூபனா இது?’ ‘எங்க மச்சான் கத்துக்கிட்ட?’ ‘இடது கைக்கு மாறிட்டியா?’ அண்ணன் எல்லாவற்றையும் படித்தான். என்னைப் பார்த்தான். பிறகு, “ஆமான்னு போட்டுட்டேன் லா” என்றான்.

இப்படித்தான் அது நடந்தது. அவனுக்கு இரவு வேலை, பெட்டியைத் தஞ்சோங் மாலிமுக்கே கொண்டுபோய்விட்டான், பகலில் அறையில் உட்கார்ந்து ஆடுகிறான் என்று நண்பர்கள் நம்பினார்கள். பெட்டி எங்கள் கூடத்தில்தான் இருந்தது. அம்மாவின் வேன் போனதும் அரிசியைக் களைந்து வைத்துவிட்டு ஆட ஆரம்பிப்பேன். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, கதவைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பேன். தெருவில் நடக்கும்போது கைகளை எங்கே வைப்பதென்று தெரியாத நான், அங்கே ஒரு கையை முழுவதும் நீட்டி வீசினேன். உடம்பு இவ்வளவு பெரியது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அண்ணன் பெயர் மேலே ஏறிக்கொண்டே போனது. சனிக்கிழமைகளில் அவன் நண்பர்கள் கூடும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வருவான். எனக்கு ரொட்டி சானாய் வாங்கி வருவான்.

எதிர் ஆட்டக்காரர்களில் பவித்ரன் என்று ஒருவன் இருந்தான். ஈப்போவிலேயே ஏர்கோன் பழுதுபார்ப்பவன். வேலை இல்லாத பகல்களில் வருவான். ஆட்டம் முடிந்ததும் பெட்டியிலேயே செய்தி எழுதலாம். தோற்றால் மற்றவர்கள் கெட்ட வார்த்தை எழுதுவார்கள். இவன் ஆட்டத்தைப் பற்றி எழுதுவான். ‘அந்தக் கடைசி அடிய எப்படி மச்சான் வளைச்ச?’ அண்ணனாக நான் பதில் எழுதுவேன். ‘மணிக்கட்டைத் திருப்பணும். கையை இல்ல.’ பள்ளியை விட்ட பிறகு வெளி ஆளோடு நான் பேசிய பேச்சு இவ்வளவுதான். அதையும் அண்ணன் பெயரில்தான் பேசினேன்.

வலி முதலில் கட்டைவிரலுக்குக் கீழே வந்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பிறகு முழங்கைக்கு ஏறியது. போத்தல் மூடியைத் திறக்க முடியவில்லை. துணியைப் பிழிந்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மா என் மணிக்கட்டு வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். ஆடியதைச் சொல்ல முடியுமா? துணி பிழிந்ததில் என்றேன்.

“துணி பிழிஞ்சதுக்கேவா? நான் ஒரு நாளைக்கி எத்தன பெட்டி அமுக்குறேன் தெரியுமா? என் கையப் பாரு. நான் என்னா, படுத்துக்கிட்டா கெடக்கேன்?”

அவர் கையைப் பார்த்தேன். உண்மைதான். அந்தக் கைக்குப் பக்கத்தில் என் கையை வைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஊருக்கே சுளுக்கு எடுக்கும் கால் என்னுடையது. அதை என் கை மேல் நானே வைத்துப் பார்த்தேன். வலி கூடியதுதான் மிச்சம்.

அண்ணனிடம் கைப்பேசியில் சொன்னேன்.

“எந்தக் கை?”

“ஆடற கைண்ணே.”

“கொஞ்சம் பொறுத்துக்க லா. லீக் முடியட்டும். இப்ப விட்டா என் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?” பிறகு குரலைத் தணித்தான். “சரி, வரும்போது கைப்பட்டை வாங்கிட்டு வாரேன். பார்மசில இருக்கு.”

அந்த வாரத்தில்தான் பவித்ரன் எழுதினான். ‘மச்சான், கை வலிக்குதா? அடி லேட்டா வருது.’

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறு தின்கிறவர்களுக்குச் சொல்லியும் உறைக்காத ஒன்று, எங்கோ ஒரு வீட்டில் டிவி முன்னால் நிற்பவனுக்குத் தெரிந்திருக்கிறது. ‘ஆமா. இடது மணிக்கட்டு’ என்று எழுதினேன். அவன் உடனே பதில் போட்டான். ‘ஐஸ் வை. கொஞ்ச நாள் ஆடாத. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.’ அண்ணன் பார்ப்பதற்குள் அந்த வரிகளை அழித்துவிட்டேன். எதற்கு அழித்தேன் என்று தெரியவில்லை. அது எனக்கு வந்தது என்று நினைத்திருக்கலாம்.

லீக்கின் கடைசி ஆட்டங்களை ஈப்போவில் ஒரு பேரங்காடியில், மேடை போட்டு, எல்லார் முன்னாலும் வைப்பதாக நண்பர்கள் முடிவு செய்தார்கள். அண்ணனுக்கு அது சனிக்கிழமைதான் தெரிந்தது. அன்று சாயங்காலம் வந்தபோது அவன் முகம் சரியில்லை. பையிலிருந்து கைப்பட்டையை எடுத்தான். கறுப்புப் பட்டை, நடுவில் தகடு வைத்துத் தைத்தது. நான் இடது கையை நீட்டினேன்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு பட்டையைப் பிரித்துத் தன் கையில் சுற்றினான்.

“இது எனக்கு லா. நாளைக்கி மாலுக்கு எப்படிப் போறது? நீயா வந்து ஆடுவ, அத்தன பேரு முன்னாடி? கை போச்சு, ஆட முடியாதுன்னு சொல்லணும். ஒனக்கு அடுத்த வாரம் வாங்கித் தாரேன்.”

அத்தனை பேர் முன்னாடி ஆடுவேனா என்று அவன் உண்மையாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் வந்திருக்காது. அது அவனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைக் கூட்டிப்போக லீக் நண்பர்கள் ஷர்வினும் பவித்ரனும் வந்தார்கள். பவித்ரனை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒல்லியாக, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். நான் தே ஓ, பாலில்லாத தேநீர், கொண்டுபோய் வைத்தேன். தட்டை வலது கையில் பிடித்திருந்தேன். இடது மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேல் கைக்குட்டை கட்டியிருந்தது. அந்தக் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்தேன்.

அண்ணன் அறையிலிருந்து வந்தான். பட்டை போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். வலது கை. அவனுக்கு எதற்கும் வருகிற கை அதுதானே, அதில்தான் போட்டிருந்தான். நண்பர்கள் அறிந்த ஆட்டக் கை இடது என்பதை மறந்துவிட்டான் என்று நான் பார்த்தவுடன் கண்டுகொண்டேன். சொல்ல நேரமில்லை.

“பாத்தியா மச்சான், நெலமைய. டாக்டரு தொடவே கூடாதுன்னுட்டாரு.”

“அடே, தோக்கப்போறன்னு பட்டையப் போட்டியா?” என்று ஷர்வின் சிரித்தான்.

அம்மா சத்தம் கேட்டு ஓடி வந்தார். “ஐயோ, என்னாய்யா ஆச்சு? நேத்து ராத்திரி கூட ஒண்ணும் சொல்லலியே. மெஷின்ல மாட்டிக்கிட்டியா?”

“ஆண்ட்டி, இது வேல செஞ்ச கை இல்ல. டிவில டென்னிஸ் அடிச்ச கை!” என்றான் ஷர்வின்.

அம்மா அவனையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா அண்ணனின் கையை எடுத்துத் தன் வளைந்த கட்டைவிரல்களால் மெதுவாகத் தடவினார். “வெளையாடிட்டுப் போறான். வாரம் பூரா ஒழைக்கிற பிள்ள, வேற என்னா சந்தோசம் இருக்கு அவனுக்கு?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏண்டி நவமணி, மரம் மாதிரி நிக்கிற? அண்ணனுக்குச் சுளுக்கு. வந்து மிதி.”

“வேணாம்மா, டாக்டரு...”

“டாக்டருக்கு என்னா தெரியும்? படுய்யா.”

“மிதிக்கிறதா?” ஷர்வின் கைப்பேசியை எடுத்தான். “மச்சான், நான் வீடியோ எடுக்கணும் லா!”

அம்மா பட்டையைக் கழற்றினார். அண்ணன் வேறு வழியில்லாமல் பாயில் படுத்துக் கையை நீட்டினான். ஒரு வீக்கமும் இல்லாத கை. நரம்புகூட நேராக ஓடியது. நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

அப்போது பவித்ரன் பேசினான். மெதுவாகத்தான் கேட்டான். “மச்சான், ஒனக்கு இடது மணிக்கட்டு தானே?”

அண்ணன் பாயிலிருந்து தலையைத் தூக்கினான். “யாரு சொன்னா? ரெண்டும்தான் லா. இதுல கொஞ்சம் ஜாஸ்தி.”

பவித்ரன் அவனைப் பார்க்கவில்லை. தொலைக்காட்சிக்குக் கீழே, தஞ்சோங் மாலிமில் இருக்க வேண்டிய பெட்டியைப் பார்த்தான். சுவரோரம் தள்ளியிருந்த நாற்காலிகளைப் பார்த்தான். பிறகு என் வயிற்றோடு ஒட்டியிருந்த கைக்குட்டையைப் பார்த்தான். அங்கிருந்து அவன் கண் என் முகத்துக்கு வந்தது. முதல் தடவையாக நான் தலை குனியவில்லை. கைக்குட்டையை அவிழ்த்தேன். மணிக்கட்டு தெரிகிற மாதிரி கையைக் கீழே தொங்கவிட்டேன். இத்தனை நாள் ஆடியது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் காதெல்லாம் சிவந்துபோனது.

சொல்வான் என்று நினைத்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும். என் பெயர்கூட வேண்டாம். இந்தக் கைதான் என்று அவன் சொல்லிவிட்டால், அம்மா ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பார். அடிப்பதற்காகவாவது அந்தக் கையைப் பிடிப்பார்.

“மிதிடி” என்றார் அம்மா.

மிதித்தேன். மாமாவின் முதுகில் வைத்த மாதிரி மெதுவாக அல்ல. என் எடை முழுவதையும் குதிகாலில் இறக்கினேன். அண்ணன் “ஆ!” என்று கத்தினான். நிஜமாகவே வலித்திருக்க வேண்டும். என்னை அண்ணாந்து பார்த்தான். நான் காலை எடுக்கவில்லை. அவனும் எடுக்கச் சொல்லவில்லை.

“பாத்தீங்களா, சுளுக்கு எடுபடுது” என்றார் அம்மா சந்தோஷமாக. ஷர்வின் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே படம் பிடித்தான்.

பவித்ரன் எழுந்தான். தே ஓ அப்படியே இருந்தது, ஆவி மட்டும் அடங்கியிருந்தது. ஹெல்மெட்டைத் தலையில் போட்டான். கண்ணாடியை வீட்டுக்குள்ளேயே கீழே இறக்கிவிட்டான். என்னைத் தாண்டி, பாயைத் தாண்டி, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். “ஓய், மச்சான், எங்க?” என்று ஷர்வின் கேட்டதற்கும் திரும்பவில்லை. இரும்புக் கதவு கிறீச்சிட்டது. மோட்டார் சைக்கிள் முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவது உதையில் கிளம்பியது. சத்தம் ராக்காயி அத்தை வீட்டைத் தாண்டி, கோயில் முனையில் திரும்பி, கேட்காமல் போகும்வரை என் கால் அண்ணனின் கை மேலேயே இருந்தது.