பட்டி பார்த்த கிட்டார்

பெயிண்ட் கடை சாலமோனுக்குத் தனக்கோடி தர வேண்டியது பதினோராயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். மழைக்காலத்தில் இரண்டு மாதம் வண்டி எதுவும் வராதபோது கடனாக வாங்கிய பெயிண்டும் தின்னரும் அது. வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று தனக்கோடியே வாய்விட்டுச் சொல்லியிருந்தான். கம்ப்ரசர் போனால் கேளம்பாக்கத்தில் அவனுடைய பெயிண்டிங் ஷெட்டைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை சாலமோனே ஷெட்டுக்கு வந்தார், கையில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரின் உடம்போடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் அவர் வாசிப்பது. கம்பி, கழுத்து எல்லாம் கழற்றி வெறும் கட்டையாக இருந்தது. மேலே பழைய கறுப்புப் பெயிண்ட்.

"நடுவுல தேன் கலரு, அப்பால செவப்பு, ஓரத்துல கறுப்பு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையணும். ஆனா உள்ள மரத்தோட ரேகை தெரியணும். முடிச்சுக் குடு, கணக்கை அடிச்சுடறேன்."

"பைக் டேங்குக்கு கலரு கலரா அடிக்கிறேன் அண்ணாத்த. இது இன்னா பெரிய விஷயம்."

"டேங்குல ரேகை கீதா?"

இரண்டு நாள் உரசிப் பழைய பெயிண்டை எடுத்தான் தனக்கோடி. அடியில் மரம் அலையலையாக இருந்தது. மேல் விளிம்பில் மட்டும் சின்னதாக ஒரு நசுங்கல். அவன் வாடகையை நினைத்துக்கொண்டிருக்க, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கை அதுபாட்டுக்குப் பள்ளம் நிரப்பும் பட்டி டப்பாவைத் திறந்தது. பிளேடில் எடுத்து, நசுங்கலையும் தாண்டி ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இழுத்தும் விட்டது. காருக்கு அப்படித்தான், பட்டி பார்க்காமல் பெயிண்ட் கிடையாது. காய்ந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தேய்த்தான். மேலே இருந்தது போயிற்று, ரேகைக்குள் இறங்கியது போகவில்லை. கண்ணாடி மாதிரி கலர் அடித்தால் அந்த இடம் தேமல் போல நிற்கும்.

முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டு, மரம் சொத்தை என்று சொல்லிவிடலாம். ஒரு டீ ஆறி, ஆடை கட்டும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஈரத்துணியால் கட்டையை ஒருமுறை துடைத்தான். ரேகை எழும்பி வந்தது. போனை எடுத்து சாலமோனைக் கூப்பிட்டான்.

அவர் வந்து குனிந்து பார்த்தார்.

"மரத்துக்குப் பட்டி வெச்ச ஆளை இப்பதான் பாக்கறேன். பம்பர் மாட்டாம வுட்டியே."

"புத்தி கெட்டுப் பூட்சி அண்ணாத்த. கம்ப்ரசரை எடுத்துகினு போ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சாலமோன் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டையை மடியில் வைத்து, வாசிப்பது போல வலது கையை மேலே போட்டார். தேமல் முன்கைக்கு அடியில் மறைந்தது. கையை எடுத்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"என் கை எப்பவும் இங்கதான் கெடக்கும். இந்தப் பக்கம் மட்டும் கறுப்பை உள்ள இழு."

"ஒரு பக்கம் அகலமா பூடுமே."

"பூடட்டும். கேக்கறவனுக்கு நான் சொல்லிக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை கடல்காற்றின் ஈரம் விலகட்டும் என்று பத்து மணிவரை காத்திருந்தான். ஈரத்தில் அடித்தால் நிறமில்லாத கிளியர் வார்னிஷ் வெளுத்துப் பால் பூத்துவிடும். கிளியரில் சில சொட்டு மஞ்சள் விட்டு முதலில் முழுக்க அடித்தான். பிறகு காற்றைக் குறைத்து, ஸ்ப்ரே கன்னை வெளிப்பக்கமாகச் சாய்த்து, விளிம்போடு சிவப்பை ஓட்டினான். ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று பார்த்தான். கடைசியில் கறுப்பு. தேமல் இருந்த இடத்தில் மட்டும் அதைப் புகை போல உள்ளே இழுத்தான். அதன்மேல் நாலு கை கிளியர்.

சாயங்காலம் சாலமோன் அதைக் கடை வாசல் வெயிலில் சாய்த்துப் பிடித்தார். ரேகை மஞ்சளிலிருந்து சிவப்புக்குள் ஓடி இருட்டில் போய் ஒளிந்தது. ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கணக்கு நோட்டை எடுத்து, தனக்கோடியின் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"நான் பண்ண தப்புக்குக் கொஞ்சம் பாக்கி வெச்சுக்க அண்ணாத்த" என்றான் தனக்கோடி.

"சும்மா கெட" என்று சொல்லி, சாலமோன் இரண்டாவது கோட்டையும் இழுத்தார்.