வயிற்றின் மேல் ஒரு காகிதம்

ஊசியை எடுப்பதற்கு முன்னால் டாக்டரம்மா அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "முதல்ல குழந்தைக்கு ஒரு மருந்து குடுப்போம். துள்ளாம இருக்கணும், இல்லன்னா ஊசி நழுவிடும். கொஞ்ச நேரத்துக்கு அசைவே தெரியாது. பயந்துடாதம்மா." அவள் தலையாட்டினாள். பயப்படக்கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அவளுடைய ரத்தத்துக்கும் பிள்ளையின் ரத்தத்துக்கும் ஒத்துப்போகவில்லை. அவள் உடம்பே பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தது. ஸ்கேனில் பார்த்தால், குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தம் தலைதெறிக்க ஓடியது. ரத்தம் நீர்த்துப்போனால்தான் இப்படி ஓடுமாம். பெற்றவளே பகையாளி என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? போன தடவை இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் அசைவு நின்றது. அது அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

இந்தத் தடவை திரையைப் பார்த்தபடியே நீளமான ஊசியைத் தொப்புள்கொடிக்குள் இறக்கி, யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த ரத்தத்தை மெல்ல ஏற்றினார்கள். எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

அறைக்குக் கொண்டுவந்து படுக்கவைத்ததும் நர்ஸ் இதயத்துடிப்பைக் கேட்கவைத்தாள். "ஜம்முனு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். போன தடவையும் முந்தின நாள் இதையேதான் சொன்னார்கள். மெஷின் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அசைவு தனக்குத் தெரிய வேண்டும் என்று கிடந்தாள். வெகுநேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை.

"வயிறு நெறஞ்சா என்னைய மாதிரி தூங்கிடும்போல" என்றான் கணவன். வாய் ஓயாத மனிதன். அவள் சிரிக்காததால் அடுத்த ஜோக்குக்குப் போகவில்லை. ஜெல் துடைத்ததில் மிச்சமிருந்த டிஷ்யூ காகிதம் ஒன்றை எடுத்து, அவள் வயிற்றின் உச்சியில் விரித்துவைத்தான். வீட்டில் தினமும் சாப்பிட்டு முடித்ததும் இருவருக்கும் இதுதான் வேலை. காகிதம் எகிறினால் அன்றைக்குப் பிழைத்தார்கள்.

காகிதத்தின் ஓரம் துடித்தது.

"பாத்தியா! உதைக்குது பாரு!" ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

அவள் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"ஃபேனை நிறுத்துங்க."

அவன் முகம் செத்துப்போயிற்று. வீட்டில் முதலில் செய்வதே அதுதான், இங்கே மறந்துவிட்டான். போய் நிறுத்தினான். ஸ்விட்சிலிருந்து விரலை எடுக்காமல் அங்கேயே நின்றான். இறக்கைகள் உடனே நிற்கவில்லை. வேகம் குறைந்து, தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. காகிதத்தின் ஓரம் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

தன் மூச்சில் அது ஏறி இறங்கிவிடக் கூடாதென்று, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.