நிமாயின் ரசகுல்லா டப்பா

வைத்தீஸ்வரனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்காகத்தான் அந்தச் சனிக்கிழமை டல்ஹவுசியில் சுரங்கக் கம்பெனி ஆபீஸில் சுத்தியலோடு போய் நின்றேன் என்று பிறகு யாரும் கதை கட்டக் கூடாது.

அவர் ஜார்க்கண்ட் பக்கம் ஒரு சின்னச் சுரங்கத்தில் ஜியாலஜிஸ்ட். தாமிரத்தோடு கொஞ்சம் தங்கமும் கிடைக்கும், கீழே கீழே நாலு லெவல் உள்ள சுரங்கம். நான் கோமதி. அங்கிருந்து வரும் கல்லைப் பொடித்து உருக்கி, டன்னுக்கு இத்தனை கிராம் தங்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் பெஹாலா லேபில் தலைமைக் கெமிஸ்ட். இருபத்தாறு வருஷமாக என் கையெழுத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை. இந்த மனிதர் மட்டும் இரண்டு வருஷமாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், நாலாவது லெவல் கல்லை நானே லென்ஸ் வச்சுப் பாத்தேன். வெள்ளைக் கல்லுக்குள்ள பொட்டுப் பொட்டா தங்கம் தெரியறது. நீங்க அரை கிராம்கூட இல்லேங்கறேள். உங்க லேப்ல எங்கேயோ ஓட்டை இருக்கு."

"தாமிரக் கல்லும் மஞ்சளாத்தான் இருக்கும் சார். மொதல்ல கண்ணாடிய மாத்துங்க" என்று போனை வைத்துவிடுவேன். வைத்த பிறகும் பத்து நிமிஷம் திட்டிக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை காலையில் எங்கள் லேப் முதலாளி பட்டாபிராமன் என்னைக் கூப்பிட்டார். சுரங்கக் கம்பெனி நாலாவது லெவலை மூடப் போகிறதாம். இல்லாத தங்கத்தை இருப்பதாக எழுதி ஏமாற்றினார் என்று வைத்தீஸ்வரனுக்கு வேலைநீக்கக் கடிதமும் தயாராம். சனிக்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங்.

"நீயும் வரணும் கோமதி. உன்னோட ரிப்போர்ட்தான் சாட்சி" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேணும் அந்த ஆளுக்கு என்று நினைத்தேன். பழைய சாம்பிள் நம்பர்களைக் குறித்துக்கொள்ள, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி அரைக்கும் அறைக்குப் போனேன்.

அங்கே நிமாய் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தான். பதினெட்டு வருஷமாகக் கல்லைப் பொடிப்பவன் அவன்தான். என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். சல்லடையில் இறங்கிய பொடியைப் பொட்டலம் கட்டி என் மேஜைக்கு அனுப்புவான். இறங்காமல் மேலே நின்ற துகள்களை அன்று ஒரு பழைய ரசகுல்லா டப்பாவில் கொட்டினான்.

"அது என்ன நிமாய்?"

"இரும்பு, தீதி. அரைக்கிற கிண்ணத்துல தேயுற இரும்பு. பொடியில கலக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க. சேத்து வச்சுப் பழைய இரும்புக்காரனுக்குப் போடலாம்னு."

சொன்னேன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் இரும்புச் சில்லு கலந்து நான் உருக்கிய சாம்பிள் ஒன்று பாழானது. தெருவே கேட்கும்படி அவனைத் திட்டினேன். சல்லடையில் நிற்கிறதையெல்லாம் தூக்கி எறி என்றேன். அவன் எறியவில்லை, டப்பாவில் போட்டான்.

டப்பாவைக் கையில் எடுத்தேன். கை இறங்கியது. கால் டப்பா இரும்புத்தூள் இவ்வளவு கனக்காது. காகிதத்தில் கொட்டி, காந்தத்தை மேலே நகர்த்தினேன். கறுப்புச் சில்லெல்லாம் தாவி ஒட்டிக்கொண்டது. மிச்சம் ஒரு தேக்கரண்டி அப்படியே கிடந்தது, மஞ்சளாக. ஒரு மணியை இரும்புத் தகட்டில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். தாமிரக் கல்லாக இருந்தால் கரும்பொடியாக நொறுங்கும். இது அப்பளம்போலப் பரந்தது.

தங்கம் பொடியாகாது, அடிக்க அடிக்கத் தட்டையாகும் என்பது முதல் வருஷப் பாடம். மேல் மூன்று லெவல்களில் தங்கம் தாமிரக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத தூசாக இருக்கிறது, சல்லடையில் இறங்கிவிடும். நாலாவது லெவலில் மணிமணியாக இருக்கிறது. அந்த மணிகள் தட்டையாகிச் சல்லடை மேலேயே நின்றிருக்கின்றன. நான்தான் என் வாயாலேயே அவற்றை எறியச் சொல்லியிருக்கிறேன்.

"தப்பாயிடுச்சா தீதி?" நிமாயின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஆயிடுச்சு. ஆனா உன் தப்பு இல்ல. இனிமே இந்த டப்பாவ யார் கேட்டாலும் குடுக்காத."

டப்பாவில் எல்லாக் கல்லின் மிச்சமும் கலந்து கிடந்ததால் அதை மட்டும் வைத்து எந்த லெவலையும் நிரூபிக்க முடியாது. ஆனால் நொறுக்கிய ஒவ்வொரு கல்லிலும் பாதியை ஸ்டோரில் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். நாலாவது லெவல் சாம்பிளில் மூன்றை எடுத்தேன். நிமாய் அரைத்தான். சல்லடையில் இறங்கியது ஒரு மூசைக் கிண்ணத்தில், நின்றது வேறு கிண்ணத்தில் என்று தனித்தனியாக ஈயத்தோடு உருக்கினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் தராசைப் பார்த்தேன். நான் அரை கிராம்கூட இல்லை என்று எழுதிய கல்லில் டன்னுக்கு ஒன்பது கிராம் இருந்தது. அடுத்ததில் பதினாலு. மூன்றாவதில் ஏழு. அந்த ஆள் சொன்னது அத்தனையும் நிஜம்.

பட்டாபிராமன் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"நாலாவது லெவலோட அறுபத்தோரு ரிப்போர்ட்டையும் வாபஸ் வாங்கினா லேப் பேரு என்னாறது? நாளைக்குப் பேசாம இரு. நாலு மாசம் கழிச்சு மெதுவா சொல்லிக்கலாம். அப்பவும் லேபர் மிஸ்டேக்னு நிமாயை அனுப்பிடலாம், முடிஞ்சுது."

"நாலு மாசமா? லெவல மூடினா தண்ணி இறைக்கிற பம்ப நிறுத்துவாங்க. பம்ப நிறுத்தினா தண்ணி ஏறிடும். அதுக்குள்ள அந்த மனுஷன் பொய்யன்னு பேர் வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு."

"அவரோட தினம் சண்டை போடறவளே நீதானே?"

"சண்டை எனக்கும் அவருக்கும். அதுக்காக என் கையெழுத்த வச்சு அவர் கழுத்த அறுப்பீங்களா? நிமாய் மேல கைய வச்சீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன் சார்."

சனிக்கிழமை மினி பஸ்ஸில் மடியில் டப்பா, பையில் சுத்தியல், இரும்புத் தகடு, ஒரு துண்டு தாமிரக் கல். பக்கத்து சீட்டு வங்காளி மாமி, உள்ளே ரசகுல்லா இருக்கிறதென்று நினைத்து, பாகு சிந்தாமல் மூடி எடுத்துப்போகச் சொல்லி அறிவுரை வழங்கினார். நான் தலையாட்டினேன்.

மீட்டிங் அறையில் மேஜைக்கு அந்தக் கடைசியில் வைத்தீஸ்வரன் உட்கார்ந்திருந்தார். என்னை அவர் பார்க்கவேயில்லை. கம்பெனி டைரக்டர் மஹாதேவன் முன்னால் அந்த வேலைநீக்கக் கடிதம் இருந்தது.

"வாங்க மேடம். உங்க ரிப்போர்ட் எல்லாம் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்."

"சொல்ல முடியாது சார். நாலாவது லெவல் ரிப்போர்ட் அத்தனையும் தப்பு."

பட்டாபிராமன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் திருப்பி மிதித்தேன். சல்லடைக் கதையைச் சொன்னேன், மூன்று புதுக் கணக்கையும் வைத்தேன்.

மஹாதேவன் லேசில் விடவில்லை. "எங்க மில்லுல கல்லை அரைச்சு, நுரைத் தொட்டியில மிதக்க வச்சு எடுக்கிற தாமிரத் தூள்லயும் தங்கம் கம்மியாத்தானே வருது? அதுவும் உங்க சல்லடைத் தப்பா?"

"பெரிய மணி நுரையில ஏறாது சார், கனம். மில்லுல அரைக்கிற உருளைக்குள்ள பதிச்ச தகட்டு இடுக்குல போய் உக்காரும், இல்ல கழிவோட போகும். தகட்டக் கழட்டிப் பாருங்க."

வைத்தீஸ்வரன் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "ரெண்டு வருஷமா அதைத்தானே கத்திண்டிருக்கேன். நுரைத் தொட்டிக்கு முன்னாடி, தண்ணி விட்டு ஆட்டி கனமானதை ஒதுக்கற மேஜை ஒண்ணு போடுங்கோன்னு. யாரு கேட்டா?"

"இதெல்லாம் வெறும் தாமிரக் கல்லாவும் இருக்கலாமே" என்றார் மஹாதேவன். நான் வைத்தீஸ்வரனிடம் இரண்டு வருஷமாகச் சொன்ன அதே வார்த்தை. காது சுட்டது.

பையிலிருந்து இரும்புத் தகட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒரு துண்டு தாமிரக் கல்லை வைத்து ஓங்கி அடித்தேன். கறுப்பாகச் சிதறியது. டப்பாவிலிருந்து ஒரு மணியை வைத்து அடித்தேன். டீக் கோப்பைகள் குதித்தன. தகட்டை மஹாதேவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். மஞ்சள் பொட்டு ஒன்று பளபளவென்று ஒட்டியிருந்தது.

அவர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு கேட்டார், "இது யாரோட தப்பு?"

"லேபர்..." என்று ஆரம்பித்தார் பட்டாபிராமன்.

"என் தப்பு" என்றேன். "சல்லடையில நிக்கிறத எறியச் சொன்னது நான். அறுபத்தோரு நம்பரும் இதுல இருக்கு, எல்லாத்தையும் ரத்து பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்." காகிதத்தை மஹாதேவன் பக்கம் தள்ளினேன்.

அவர் படித்தார். வேலைநீக்கக் கடிதத்தை எடுத்து மெல்ல ஃபைலுக்குள் செருகினார். "சரி, இதை நிறுத்தி வைப்போம்."

"நிறுத்தி வைக்க இது என்ன கல்யாணமா? கிழிங்க சார். அவர் சொன்னது சரின்னு எழுதியும் குடுங்க. அதுவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

மஹாதேவன் என்னைப் பார்த்தார், சுத்தியலைப் பார்த்தார். கிழித்தார். பம்பை நிறுத்த வேண்டாம் என்று அங்கிருந்தே போன் செய்தார். அறுபத்தொன்றையும் மறுபடி செய்து தரச் சொன்னார். அதன் பிறகு நாலு வரி எழுதி வைத்தீஸ்வரனிடம் நீட்டினார்.

வராந்தாவில் வைத்தீஸ்வரன் என் பின்னாலேயே வந்தார். "நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ..."

"சொன்னீங்க. சரியாத்தான் சொன்னீங்க. என்னை மன்னிச்சிருங்க. இன்னொரு வாட்டி சொன்னீங்கன்னா அடுத்த அடி உங்க மேல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணாடிய மாத்த வேண்டாம் சார்" என்றேன்.

லிஃப்டில் பட்டாபிராமன் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "திங்கக்கிழமையிலேருந்து நீ வர வேண்டாம்."

"வருவேன். அறுபத்தோரு கல்லு பாக்கி இருக்கு. லேப் கேட்டை மூடிப் பாருங்க."

திங்கட்கிழமை போனேன். கேட் திறந்துதான் இருந்தது. பட்டாபிராமன் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. நிமாய் அறுபத்தோரு பையையும் வரிசையாக அடுக்கி, முதல் கல்லை அரைத்துச் சல்லடையைத் தட்டி முடித்திருந்தான்.

"தீதி, மேல நிக்கிறத என்ன செய்ய?" என்று பயந்து பயந்து கேட்டான்.

நான் இரண்டு கையையும் நீட்டினேன். "மொதல்ல அதக் குடு."