சூட்கேஸில் வந்த கேமரா

அந்த சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளரின் முகத்தை முதலில் பார்க்கும் வழக்கம் இல்லை. கேமராவை வாங்கி, கவிழ்த்து, அதன் வயிற்றில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்த பிறகுதான் முகம். முன் மேஜையில் உட்கார்ந்திருந்தவன் பல நேரம் அதற்குப் பிறகும் நிமிர்வதில்லை. பார்க்க என்ன இருக்கிறது? கெஞ்சுகிற முகமெல்லாம் ஒரே முகம்தான் என்பது அவன் கட்சி.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குனிந்து வேலை செய்யும் மெக்கானிக்குகள் அவனுக்கு ஜட்ஜ் என்று பேர் வைத்திருந்தார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவனுக்கோ அதைக் கேட்டால் உச்சி குளிர்ந்துவிடும்.

அவன் தீர்ப்பெல்லாம் கிரே கேமராக்களுக்கு. கிரே என்றால் போலி இல்லை. அதே கம்பெனி, அதே தொழிற்சாலை, அதே பெட்டிதான். ஆனால் இங்கே இருக்கிற ஏஜெண்ட் வழியாக வராமல், வேறு நாட்டில் வாங்கி, யாரோ ஒருவருடைய சூட்கேஸில் துணிமணிக்கு நடுவே படுத்துக்கொண்டு வந்தது. விலை மலிவு. ஓடுகிறவரைக்கும் வாங்கினவனுக்குத் தலைகால் புரியாது. நின்றுபோனால் இந்த மேஜைக்கு வர வேண்டும்.

கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினால், எந்த நாட்டில் விற்பதற்காக அனுப்பிய கேமரா என்று அது தேடிச் சொல்லும். ஆடி அசைந்துதான் சொல்லும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கீழே 'முடக்கு' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அந்த எண்மேல் சிவப்புக் கோடு விழும். அப்புறம் கம்பெனியின் எந்த சர்வீஸ் சென்டரும் அந்தக் கேமராவைத் தொடாது. கூலி கொடுக்கிறேன் என்று காலில் விழுந்தாலும் தொடாது. வெளியே எவனிடமாவது கொடுத்துச் சரிசெய்யலாம் என்றால், பாகம் கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கிறது.

வட்டம் சுற்றி முடிக்கும்வரை ஜட்ஜ் காத்திருப்பதில்லை. வந்தவன் குரல் கம்முகிற விதத்திலேயே தெரிந்துவிடும் என்பான். இதுவரை அவன் கணக்கு தப்பியதில்லை. பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு ஒருமுறை தப்பியது. நல்ல கேமரா ஒன்றை முடக்கிவிட்டாள். அந்தச் சிவப்புக் கோட்டை அழிக்க வேண்டுமானால் யார் அழுத்தினார்கள், ஏன் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். பாவம், நேர்மையாக எழுதினாள். கோட்டை அழித்தார்கள், கையோடு அவளையும் அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலி நாற்காலியில் ஜட்ஜ் இப்போது தன் பையை வைக்கிறான்.

அவனுக்கு ஒரு அக்கா. அக்காவுக்கு ஒரு புருஷன், போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அத்தான் நல்ல மனுஷர். படமும் நன்றாக எடுப்பார். ஆனால் வாயைத் திறந்தால் அளப்பு. மழையில் நனைந்துவிட்டு வந்தாலும், மேகத்தோடு பேரம் பேசிப் பாதி மழையைக் குறைத்துவிட்டு வந்ததாகச் சொல்லும் ஆள். கல்யாணம் ஆகாத ஜட்ஜுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அக்கா வீட்டில்தான். அங்கே அத்தானின் அளப்புக்குத் தொட்டுக்கொள்ளக் கிடைத்தவன் அவன்.

"நம்ம மச்சான் வேலை என்ன தெரியுமா? கேமராவக் கவுத்துப் பாத்துட்டு முடியாதுன்னு சொல்றது. அதுக்கு எதுக்கு மனுஷன்? ஒரு கிளியப் பழக்கினா போதுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அத்தான் சொன்னதை அவன் மறந்திருப்பான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அத்தான் புதுக் கேமராவை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தார். "சூட்கேஸ்ல வந்தது மச்சான். தெரிஞ்ச பையன் கொண்டாந்தான். உங்க கம்பெனிக்காரன் கிட்ட முழு விலை குடுத்து வாங்கறவன் மடையன்."

"ரிப்பேர் ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நீ எதுக்கு இருக்க?"

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று ஜட்ஜ் நினைத்தான். வரட்டும், இந்தக் கேமராவும் ஒரு நாள் என் மேஜைக்கு வரத்தான் போகிறது என்று மனசுக்குள் கறுவிக்கொண்டான்.

வந்தது. வருஷம் திரும்புவதற்குள்ளேயே ஷட்டர் பாதியில் நின்றுபோய், எடுத்த படமெல்லாம் பாதி கறுப்பாக விழுந்தது. அதுவும் எந்த நேரத்தில்? ஒரு பெரிய பள்ளிக்கூடம், எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் படம் எடுக்கும் வேலையை அக்காவின் ஸ்டுடியோவுக்குக் கொடுத்திருந்தது. பாஸ்போர்ட் படம் எடுத்தே காலம் தள்ளிய ஸ்டுடியோ. அந்த வேலை கிடைக்க அக்கா பள்ளிக்கூடத்துக்கு நடையாக நடந்திருக்கிறாள். அடுத்த வாரம் படம் எடுக்க வேண்டும். கைவசம் உருப்படியாக இருந்தது அந்த ஒரு கேமராதான். அது ஓடினால் ஸ்டுடியோ தலைநிமிரும்; ஓடாவிட்டால் வாடகை கேட்டு நிற்கிறவன் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவான்.

அத்தான் நேரே மேஜைக்கு வந்தார். ஜட்ஜ் நிமிராமல் சொன்னான்: "டோக்கன் எடுத்துட்டு வாங்க சார்."

"டேய், நான்தான்டா."

"எல்லாருக்கும் டோக்கன்தான் சார்."

அத்தான் டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது ஜட்ஜ் கேமராவைக் கவிழ்த்து எண்ணைத் தட்டினான். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"எங்க வாங்கினீங்க?" ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். உண்மை என்னவென்றால், அந்தக் கேமரா எந்தச் சூட்கேஸிலும் வரவில்லை. பெரிய கடையில், முழு விலைக்கு, பில்லும் கம்பெனி வாரண்டி கார்டும் வாங்கிக்கொண்டு எடுத்தது. பில் இல்லாமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் மச்சானிடம் மடையன் என்று பேசியாகிவிட்டதே? அந்த மடையன் தான்தான் என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? பெருமையும் போகக்கூடாது, ஷட்டரும் ஓட வேண்டும். மச்சான் எப்படியும் செய்து கொடுத்துவிடுவான் என்று அந்த அப்பாவி மனுஷர் நம்பினார்.

"அதான்டா... அன்னிக்குச் சொன்னேனே. தெரிஞ்ச பையன் கொண்டாந்தது. அத்தானுக்காக ஒரு தடவ பாத்துச் செய்." குரல் கம்மியது.

அது போதும் ஜட்ஜுக்கு. வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினான். சிவப்புக் கோடு விழுந்தது. கேமராவை ஒற்றை விரலால் மேஜையின் மறுபக்கம் தள்ளினான்.

"முடியாது சார். கிளிக்கு இவ்வளவுதான் பேசத் தெரியும்."

அன்றைக்கு அவனுக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! காபி இனித்தது. நடந்து வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் அத்தான் வாய் திறந்து மூடியதை நினைத்து நினைத்துச் சிரித்தான்.

மறுநாள் கதவு திறந்ததும் அக்கா வந்தாள். கூடவே அத்தான், திட்டு வாங்கிய முகத்தோடு. அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து பில்லையும் கார்டையும் மேஜைமேல் வைத்தாள்.

"தப்பு என்மேலதான்டா தம்பி. இவர் உன்கிட்ட சூட்கேஸ் கதை அளந்தப்பவே நான் சொல்லியிருக்கணும். ஆம்பளை, ஏதோ கெத்துக்குப் பேசறாருன்னு சிரிச்சிட்டு விட்டுட்டேன். கடையில முறையா வாங்கினதுடா. பாரு."

அப்படியானால் அன்றைக்கு அவள் சிரித்தது தன்னைப் பார்த்து இல்லை. ஜட்ஜ் எண்ணை மறுபடி தட்டினான். இந்தத் தடவை வட்டம் சுற்றி முடிக்கும்வரை காத்திருந்தான். திரை அவன் பக்கம்தான் பார்த்திருந்தது. உள்நாட்டு விற்பனை. வாரண்டி நடப்பில் உள்ளது. அதற்கு மேலே, அவன் போட்ட சிவப்புக் கோடு.

கோட்டை அழிக்கலாம். தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் போதும். பார்க்காமல் அழுத்திவிட்டேன், சொந்தக் கோபத்தில் அழுத்தினேன் என்று. பக்கத்து நாற்காலியில் அவன் பை இருந்தது. கண்ணாடி அறைக்குள் மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் மாற்றலாகிப் போனதும் அந்த அறை உனக்குத்தான் என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள். அவன் கார்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினான். பெருமூச்சு ஒன்றை விட்டான். நன்றாகவே விட்டான்.

"அக்கா... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இது டூப்ளிகேட்."

"எது?"

"கார்டு, பில்லு, ரெண்டுமே. இந்த மாதிரி அச்சடிச்சுக் குடுக்கவே ஆளுங்க இருக்காங்க. தினம் பாக்கறேன்."

அத்தான் பாய்ந்து வந்து மேஜையைப் பிடித்தார். "டேய்! அந்தக் கடையில நின்னு வாங்கினேன்டா! சத்தியமா! நீ அந்த ஸ்கிரீனை இந்தப் பக்கம் திருப்பு!"

"திருப்ப முடியாது சார். ரூல்ஸ்."

"நேத்து நான் சொன்னதுதான் பொய். இதுதான்டா நெசம்!"

அத்தான் ஆயுசில் அவ்வளவு கெஞ்சி ஒரு உண்மையைச் சொன்னதில்லை. ஜட்ஜ் அவரைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தான். அவள் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கடைக்கு நீங்க தனியாத்தானே போனீங்க?"

"நீதானே அனுப்பின!"

"பில்லு இல்லாம வராதீங்கன்னு சொன்னேன். பில்லோட வந்தீங்க." அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "இவன்கிட்ட சொன்னதுதான் பொய்னு இத்தனை நாளா நெனச்சிட்டு இருந்தேன். எங்கிட்ட சொன்னதுதான் பொய்யா?"

"கடைக்குப் போலாம் வா! இப்பவே வா! அந்த ஆள் சொல்லட்டும்!"

போனார்கள். கடைக்காரர் எண்ணைத் தட்டிப் பார்த்தார், சிவப்புக் கோட்டைப் பார்த்தார்; கடைக்காரர்களின் திரையில் அது மட்டும்தான் தெரியும். கம்பெனியே கிரே என்று சொன்ன கேமராவைத் தன் கடையில் விற்றதாக ஒப்புக்கொண்டால் ஏஜென்சி கைவிட்டுப் போகும் என்று அவருக்குத் தெரியாதா? பில்லை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இது எங்க பில்லே இல்லம்மா. வீணா வம்புல மாட்டிவிடாதீங்க." அத்தான் அவர் சட்டையைப் பிடித்தார். கடைப் பையன்கள் அத்தானைப் பிடித்துத் தெருவில் விட்டார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா தனியாக மறுபடியும் மேஜைக்கு வந்தாள். அழுது முடித்த முகம். ஜட்ஜின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வேளைடா, நீ இருந்த. இல்லேன்னா காலம் பூரா இந்த ஆள நம்பிக்கிட்டே இருந்திருப்பேன்."

"விடுக்கா" என்றான் அவன். பில்லையும் கார்டையும் கேட்டு வாங்கிக்கொண்டான். டூப்ளிகேட் கார்டை வெளியே விடக்கூடாது என்பது ரூல்ஸ் என்றான். அவள் போனதும் இரண்டையும் கிழித்துக் கூடையில் போட்டான். வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தான். அது வரவில்லை. மேஜை இழுப்பறையில் பிஸ்கட் இருந்தது, எடுத்துத் தின்றான்.

பள்ளிக்கூட வேலை வேறு ஆளுக்குப் போனது. ஸ்டுடியோவை மூடினார்கள். அக்கா ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தாள். அத்தான் வேறு போட்டோகிராபர்களுக்கு லைட் பிடிக்கப் போனார். வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஜட்ஜ் மேனேஜராகிக் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்த வாரம், அக்கா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

அவனும் அத்தானும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அத்தான் இளைத்திருந்தார். அக்கா பரிமாறாமல் கரண்டியோடு நின்றாள்.

"சொல்லுங்க. எங்கிட்ட ஒத்துக்கிட்டத அவன்கிட்டயும் சொல்லிடுங்க. அவன் சட்டையப் புடிக்காத குறையா கத்தினீங்க இல்ல? சொன்னாத்தான் இந்த வீட்ல இனிமே பேச்சு."

அத்தான் தலையைத் தூக்கி மச்சானைப் பார்த்தார். நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. அவருக்குத் தெரியும், தெரியும் என்று இவனுக்கும் தெரியும். ஜட்ஜுக்குக் கொஞ்சம் வியர்த்தது. இப்போது இந்த மனுஷர் வாயைத் திறந்தால் என்ன ஆவது?

திறந்தார்.

"ஆமாடா மச்சான். சூட்கேஸ்ல வந்ததுதான். பில்லு நான்தான் அடிச்சேன்." அப்புறம் பழைய பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போனது. "பஸ் ஸ்டாண்டு பின்னால ஒரு சந்து. மாடியில ஒரு கெழவன். கண்ணே தெரியாது அவனுக்கு, ஆனா கைய வெச்சான்னா கம்பெனிக்காரனே ஏமாந்துடுவான். என்ன பேப்பர், என்ன இங்க்! வெல பேசிப் பாதியாக் குறைச்சேன்..."

அக்கா ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டினாள். புருஷன் கடைசியில் உண்மை பேசுகிறார் என்று அவள் கண் கலங்கியது. அவர் தட்டில் பரிமாறினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் தோளில் கை வைத்தாள். அத்தான் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"சரி விடுங்க அத்தான். இனிமேலாவது பொய் சொல்லாம இருங்க" என்று சொல்லிவிட்டு, ஜட்ஜ் தட்டை நீட்டினான். "எனக்கும் போடுக்கா."